நெஸ்டாவின் கை ஷவர்

சீலோ வரிசை என்ற அந்த மலையூர்த் தெருவில் பெற்றவர்கள் வைக்கும் பெயர் ஞானஸ்நானத்தோடு சரி. அதற்கப்புறம் செய்கிற வேலைதான் பெயர் வைக்கும். தெருவில் பாதிப்பேர் ஜோன்ஸும் மீதிப்பேர் வில்லியம்ஸுமாக இருந்தால் தபால்காரன் வேறு என்னதான் செய்வான்? குழாய் வேலை பார்க்கிற இவான், 'இவான் குழாய்'. பள்ளிக்கூடச் சமையலறையில் அரை ஊரைக் கஸ்டர்டு ஊற்றி வளர்த்த நெஸ்டா, 'நெஸ்டா கஸ்டர்டு'. அவள் புருஷன் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன். ஓய்வு பெற்ற அன்று சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், பெயரை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. இன்னும் எம்ரிஸ் பஸ்தான்.

அந்த எம்ரிஸ் பஸ் நவம்பர் மாதத் திங்கட்கிழமை ஒன்றின் காலையில், தன் வீட்டு மாடிக் குளியலறையில் மல்லாந்து படுத்து, இரும்புக் குளியல் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்துக்குள் தலையை நுழைத்திருந்தான். பழைய குழாய் இரண்டையும் பிடித்திருந்த மரை அவன் அப்பா காலத்தில் முடுக்கியது. துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து கல்லாகிவிட்டது. ஸ்பேனரைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தால் துரு அவன் கண்ணில் கொட்டியது, மரை நகரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் இழுத்தான். முழங்கை சுவரில் உரசித் தோல் போனது. போகட்டும் என்று இருந்தது அவனுக்கு. இன்னும் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்றிருந்தது.

கீழே வாசல் கதவு இடிபட்டது.

"எம்ரிஸ்! ஏய் எம்ரிஸ்! உயிரோட இருக்கியா?"

பக்கத்து வீட்டு டிலிஸ். தட்டிவிட்டுக் காத்திருக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, உள்ளே வந்துவிட்டாள். சமையலறையில் கைத்தடியைப் பக்கத்தில் சாய்த்து வைத்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த நெஸ்டா பதில் சொல்வது மேலே கேட்டது.

"தொட்டிக்கு அடியில கிடக்கான் டிலிஸ். செத்திருந்தா ஸ்பேனர் சத்தம் நின்னிருக்கும்."

"திங்கக்கிழமையும் அதுவுமா தண்ணிய நிறுத்தற மனுஷன நீ எங்கயாவது பாத்திருக்கியா? என் மெஷினு நுரையும் துணியுமா வாயைப் பொளந்துட்டு நிக்குது. மூணாவது வீட்ல க்வென் தலை நிறையச் சோப்போட உக்காந்து அவனைத் திட்டிட்டு இருக்கா. மழை வேற இன்னிக்குத்தான் விட்டிருக்கு!"

எம்ரிஸுக்குச் சந்துக்குள்ளேயே முகம் சுட்டது. நான்கு வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீரை நிறுத்த நடைபாதையில் ஒரே திருகு. திங்கட்கிழமை துணி துவைக்கிற நாள். அந்த வரிசையில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். தெரிந்தவன்தான் காலையில் போய் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் திருகை மூடிவிட்டு வந்திருந்தான். கொஞ்ச நாளாகவே அவன் புத்தி அவனிடம் இல்லை.

"அப்படி என்னதான் செய்யறான் மேல?" டிலிஸ் கேட்டாள்.

"எனக்குக் கை ஷவர் வைக்கறானாம். குழாயோட நீளமா டியூப் வரும் பாரு, அது. தொட்டிக்குக் குறுக்க பலகை போட்டு உக்காந்து நானே ஊத்திக்கலாமாம்."

டிலிஸின் குரல் உடனே இறங்கிவிட்டது. "அட, உனக்காகவா? முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்குக் கத்திட்டேன். என் வீட்டுக்காரரு இருந்தவரைக்கும் ஒரு பல்பு மாத்தினதில்ல நெஸ்டா. நீ குடுத்து வச்சவ."

"ஆமா," என்றாள் நெஸ்டா.

அவ்வளவுதான் சொன்னாள். மேலே கிடந்தவனுக்கு அந்த 'ஆமா' துருவைவிட உறுத்தியது.

மார்ச் மாதத்தில் வாசலில் இருந்த பலகைக்கல் படியில் பனி உறைந்திருந்தது. நெஸ்டா பால் பாட்டிலை எடுக்கப் போய் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் ஆணி வைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து எம்ரிஸ்தான் எல்லாம். காலுறை மாட்டுவது, பொத்தான் போடுவது, படி ஏற்றுவது, சனிக்கிழமை தோறும் தூக்கித் தொட்டியில் உட்கார வைத்து மறுபடியும் தூக்கி எடுப்பது. குறை சொல்லாமல்தான் செய்தான். ஊரே பார்த்தது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அவளை வெந்நீரில் உட்கார வைத்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று கீழே வந்தான். வானொலியில் கால்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நெருப்புப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து அவள் கூப்பிட்டாள். "எம்ரிஸ்." ஒரே ஒரு தடவை.

அவனுக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. பாதி எழுந்தான். இப்போதுதானே உட்கார வைத்தோம், கொஞ்சம் இருக்கட்டுமே என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டான். அவள் மேல் கோபம் ஒன்றுமில்லை. எத்தனையோ மாதம் அவள் கைக்கும் காலுக்கும் ஓடிய பிறகு, அந்த ஆட்டம் முடிகிறவரை அவன் யாருக்கும் எதுவாகவும் இல்லாமல் இருக்க ஆசைப்பட்டான். அவளும் அப்புறம் கூப்பிடவில்லை. ஆட்டம் முடிந்து மேலே போனபோது தண்ணீர் ஏரித் தண்ணீராகச் சில்லிட்டுக் கிடந்தது. அவள் உதடு நீலம் பாய்ந்து, தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மழைச் சத்தத்துல கேக்கல நெஸ்டா," என்றான்.

"ஆமா. நல்ல மழை," என்றாள் பல் கிட்டிக்க.

நெஞ்சில் சளி கட்டி மறுபடியும் ஆஸ்பத்திரிவாசம். திரும்பி வந்தவள் தொட்டிப் பக்கம் போக மறுத்துவிட்டாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பேசின் தண்ணீரும் துணியுமாகத் தானே துடைத்துக்கொண்டாள். தலையை மட்டும் டிலிஸ் வந்து பாத்திரம் கழுவுகிற தொட்டியில் குனிய வைத்து அலசிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் கழுத்து வழியாகத் தண்ணீர் முதுகுக்குள் இறங்கி, நெஸ்டா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதை அவன் கதவிடுக்கில் பார்த்தான். பார்த்த மறுநாள் லாண்டிட்னோ டவுனுக்குப் பஸ் ஏறிப் போய், வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் மிக்ஸர் குழாயும் கை ஷவரும் பலகையும் வாங்கி வந்தான். உள்ளூர்க் கடையில் வாங்கினால் இவான் குழாய் காதுக்குப் போகும். இவான் கேள்வி கேட்கிற ஆசாமி. அவன் கேட்கக்கூடிய எந்தக் கேள்விக்கும் எம்ரிஸிடம் பதில் இருக்கவில்லை.

அன்று மாலைக்குள் மரை இளகி, புதுக் குழாய் உட்கார்ந்துவிட்டது. மறுநாளும் மழை இல்லை. டிலிஸ் பின்கட்டில் படுக்கைவிரிப்புகளைக் கொடியில் போட்டாள். எம்ரிஸ் நெஸ்டாவைப் பலகையில் உட்கார வைத்தான். உள்பாவாடையோடு உட்கார்ந்தவள், "திரும்பி நில்லு," என்றாள். தண்ணீரைக் கையில் விட்டுப் பார்த்து, இதமாக இருக்கிறது என்று ஷவரை அவளிடம் கொடுத்துவிட்டு அவன் சுவரைப் பார்த்து நின்றான்.

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தான். பிறகு சந்தேகப்பட்டுத் திரும்பினான். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஷவர் மடியில் கிடந்து பீச்சிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தான். ஐஸ்.

"ஐயோ! ஏன் சொல்லல? ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல? பக்கத்துலதான நிக்கறேன்!"

"எதுக்கு?" என்றாள் நெஸ்டா.

குத்திக்காட்டுகிற குரலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பான். அவள் உண்மையிலேயே கேட்டாள். சத்தம் போடுவது என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது போலிருந்தது. அவன் துண்டால் அவளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது பின்கட்டிலிருந்து டிலிஸின் கூச்சல் எழுந்தது.

"எம்ரிஸ்! உன் கூரையில இருந்து தண்ணி கொட்டுதுடா! என் விரிப்பெல்லாம் போச்சு! துருத் தண்ணி!"

டிலிஸ் அழைத்து இவான் குழாய் வந்து சேர்ந்தான். பெருத்த உடம்பு, ஜெபக்கூடப் பாட்டுக் குழுவில் அடித்தொண்டைக்காரன். வீட்டுக்குள் பேசினால் தட்டு அதிரும். மிக்ஸரை ஒரு பார்வை பார்த்தான், பரணில் தலையை விட்டு ஒரு பார்வை பார்த்தான், சமையலறைக்கு வந்து நெஸ்டா கொடுத்த திராட்சை ரொட்டியில் வெண்ணெய் தடவ ஆரம்பித்தான்.

"பஸ்ஸுக்குக் குழாய் வேலை எதுக்குய்யா? நான் என்னிக்காவது உன் பஸ்ஸ ஓட்டினேனா?"

"தப்பு எங்கன்னு சொல்லு, இவான்."

"பச்சைத் தண்ணி எங்கிருந்து வருது? மலை மேல ஏரியில இருந்து நேரா. முட்டிக்கிட்டு வர்ற முரடன். உன் வெந்நீரு பரண்ல இருக்கற டேங்க்ல இருந்து பாய்லரு வழியா மெள்ள இறங்கி வர்ற நோஞ்சான். இத்தனை வருஷம் தனித்தனிக் குழாயில இருந்தாங்க, சண்டையில்ல. நீ ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி ஒரே டியூப்ல விட்டுட்ட. முரடன் நோஞ்சானை வந்த வழியே பரணுக்குத் தள்ளிட்டான். டேங்க் நிரம்பி டிலிஸ் விரிப்புல ஊத்திடுச்சு."

"அப்ப மிக்ஸரைக் கழட்டிடவா?"

"கழட்டி? பச்சைத் தண்ணியையும் பரண் டேங்க்ல இருந்தே கொண்டாந்துட்டா ரெண்டும் ஒரே உயரம். யாரும் யாரையும் தள்ள முடியாது. தனியா ஒரு குழாய் இழுக்கணும், அவ்வளவுதான். நீ தூக்கிக் குடு, நான் பத்த வைக்கறேன்."

இரண்டு நாள் மழைக்கு நடுவே குழாய் இழுத்தார்கள். இந்தத் தடவை திருகை மூடுமுன் எம்ரிஸ் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். இவான் பசை பூசி, சூடு காட்டி, மூட்டுகளைப் பற்ற வைத்துவிட்டு நெஸ்டாவைக் கூப்பிட்டான். அவள் உடுத்தபடியே பலகையில் உட்கார்ந்து ஷவரைப் பிடித்தாள். மடிக்கு நேராகப் பிடித்தபோது இதமாக, தாராளமாக வந்தது. தோள் வரை உயர்த்தினாள், வந்தது. தலைக்கு மேல் தூக்கினாள். சொட்டியது.

"தலைக்கு வரல," என்றாள்.

"டேங்க் உன் தலைக்குக் கொஞ்சம் மேலதான இருக்கு. விழற உயரமே இல்லாம வேகம் எங்கிருந்து வரும்?" இவான் கையைத் துடைத்துக்கொண்டான். "தோள் வரைக்கும் வருதுல்ல? தலையை டிலிஸ் பாத்துக்கட்டும்."

"எனக்குத் தலைதான் வேணும், இவான்."

"நெஸ்டா பாஹ், சொன்னாக் கேளு..." இவான் செல்லப்பேர் வைத்துக் கொஞ்சிப் பார்த்தான்.

"பாஹும் வேணாம் ஒண்ணும் வேணாம். உடம்ப நான் துணியால தொடச்சுக்குவேன். தலையைத்தான் இன்னொருத்தி கையில குடுத்துட்டுக் குனிஞ்சு நிக்கறேன். உனக்கு யாராவது கழுத்தைப் பிடிச்சு அமுக்கித் தலை அலசியிருக்காங்களா?"

இவானுக்குத் தலையில் முடியே கிடையாது. அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்துவிட்டு, எம்ரிஸின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

"டேங்கைத் தூக்கணும்," என்றான் எம்ரிஸ். "எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு."

இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. ஞாயிறன்று சீலோ வரிசையில் ஆணி அடிக்க யாருக்கும் தைரியம் கிடையாது. ஜெபக்கூட வாசலில் பெண்கள் வரிசையாக வந்து எம்ரிஸின் கையைத் தொட்டார்கள். "பொண்டாட்டிக்காக இந்த மழையில பரண்ல கிடக்கியாமே." "உன்ன மாதிரி ஒருத்தர் போதும் எம்ரிஸ்." மூன்றாவது வீட்டு க்வென், திங்கட்கிழமைச் சோப்பை மறந்துவிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவே கொடுத்தாள். அவன் டப்பாவைத் திருடிய பொருள்போல் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனான். பாட்டு ஆரம்பித்தபோது வாயை மட்டும் அசைத்தான்.

டேங்கை நிறுத்த உயரமான மேடை வேண்டும். போன வருஷம் ஜெபக்கூடத்து மேல்மாடத்தை இடித்தபோது ஆளில்லாத பெஞ்சுகளை விறகு விலைக்குக் கொடுத்தார்கள். எம்ரிஸ் வாங்கிக் கொட்டகையில் போட்டிருந்தான். நல்ல பைன் மரம், தலைமுறைகள் உட்கார்ந்து வழவழத்தது. அதை அறுத்துப் பரணில் கால் நட்டு, குறுக்குச் சட்டம் அடித்து மேடை கட்டினார்கள். தலைக்கு மேல் கூரைக் கல்லில் மழை கொட்டியது. காலியாக்கிய டேங்கை ஆளுக்கொரு பக்கம் தூக்கி ஏற்றி வைத்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"என் பெரியப்பா இந்தப் பெஞ்சுலதான் தூங்குவாரு," என்றான் இவான். "இனிமே நெஸ்டா குளிக்கற தண்ணி தூங்கும். பெரிய மனுஷன்யா நீ. நான் என் பொண்டாட்டிக்கு இதுல பாதி செஞ்சதில்ல."

"அப்படிச் சொல்லாத."

"ஏன், நெசந்தான?"

எம்ரிஸ் டேங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். "அவளுக்காகச் செய்யறேன்னுதான் ஆரம்பிச்சேன் இவான். இப்ப யோசிச்சா, இனிமே அவ என்னைக் கூப்பிடவே வேணாம், அதுக்குத்தான் செய்யறேனோன்னு இருக்கு. கூப்பிட்டாத்தான நான் போகணும். போகாம இருந்துட்டேன்னு வையி..."

இவான் அவனையே பார்த்தான். கேள்வி கேட்கிற ஆசாமி அன்றைக்குக் கேட்கவில்லை. பாய்லரிலிருந்து மேலே வந்து டேங்குக்கு மேல் வளைந்து நின்ற காற்றுக் குழாயைத் தட்டிக்காட்டி, "இதையும் உயர்த்தணும், மறந்துட்டோம் பாரு. இல்லேன்னா வெந்நீரு இது வழியா ஊத்தும்," என்று சொல்லிவிட்டு ரம்பத்தைத் தேட ஆரம்பித்தான்.

எல்லாம் முடிந்து தண்ணீரைத் திறந்தால் வெந்நீர் வரவில்லை. குழாய் இருமியது, துப்பியது, நின்றுவிட்டது. காற்று அடைத்திருக்கிறது என்றான் இவான். கீழே சமையலறையில் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கும் வெந்நீர்க் குழாய்க்கும் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, முதலில் வெந்நீரைத் திறந்து, அப்புறம் பச்சைத் தண்ணீரைத் திருகினான். ஏரியின் வேகத்தில் காற்று குழாய் வழியே ஓடிப் பரணில் குபுகுபுவென்று வெளியேறுவது கேட்டது. "முரடனும் ஒருநாள் உதவுவான்," என்று சொல்லி, கூலிக்குப் பதிலாக ஒரு பெரிய கிண்ணம் ஆட்டிறைச்சிக் குழம்பைக் குடித்துவிட்டு இவான் போனான்.

நெஸ்டா சாயங்காலம் கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு படியாகத் தானே ஏறி வந்தாள். குளியலறைக் கதவின் உட்பக்கத்தைத் தடவினாள்.

"தாழ்ப்பாள் எங்க?"

மார்ச்சில் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவன்தான் கழற்றினான். அவசரத்துக்கு உள்ளே வர வேண்டுமே என்று.

"டிராயர்ல இருக்கு. எதுக்கு? நீ உள்ள விழுந்துட்டா?"

"விழுந்தா விழறேன். போடு."

"நெஸ்டா, நான் கதவுக்கு வெளியதான் இருப்பேன், வேணும்னா..."

"எம்ரிஸ், தாழ்ப்பாளப் போடு."

பழைய துளையிலேயே திருகாணிகளை முடுக்கினான். ஒரு திருகாணி இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது. அவள் உள்ளே போய்த் தாழிட்டாள். பலகை கிறீச்சிடுவது கேட்டது. பிறகு தண்ணீர். முதலில் தொட்டி இரும்பில் விழுகிற சத்தம், அப்புறம் அது மாறி மெத்தென்று ஆனது. தலையில் விழுகிறது என்று தெரிந்தது. உள்ளேயிருந்து "ஹா" என்று ஒரு மூச்சு. அத்தனை மாதத்தில் அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தம் அவன் கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது. அந்த சந்தோஷத்தில் தனக்குப் பங்கில்லை என்றும் தெரிந்தது. இனியும் சும்மா இருந்தால் காலமெல்லாம் நல்லவனாகவே இருந்து தொலைக்க வேண்டும்.

"நெஸ்டா."

"என்ன?"

"அன்னிக்கு மழைச் சத்தமெல்லாம் இல்ல. நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு."

தண்ணீர் நின்றது.

"தெரியும்," என்றாள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "உன் நாற்காலிச் சத்தம் எனக்குத் தெரியாதா? எந்திரிச்ச. வந்துருவன்னு நெனச்சேன். மறுபடியும் உக்காந்துட்ட."

அவன் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான். "அப்புறம் ஏன் திரும்பக் கூப்பிடல? ஒரு கத்து கத்தியிருந்தா ஓடி வந்திருப்பேன். சத்தியமா வந்திருப்பேன் நெஸ்டா."

"வந்திருப்ப. அநேகமா வந்திருப்ப. வராம இருந்துட்டா? ஒரு தடவை வரலேன்னா மழைன்னு சொல்லி வச்சுக்கலாம். நீயும் சொல்லிக்கலாம், நானும் சொல்லிக்கலாம். ரெண்டாவது தடவையும் நீ வரலேன்னா நான் எதைச் சொல்லிக்கறது? எனக்கு இந்த வீட்டுலதான இருந்தாகணும். தண்ணி ஆறினா ஆறட்டும்னு உக்காந்துட்டேன்."

"மன்னிச்சிரு," என்றான். அது கதவைத் தாண்டியதா என்றே அவனுக்குத் தெரியவில்லை.

"தலையில இன்னும் சோப்பு இருக்கு," என்றாள் நெஸ்டா. "நீ கீழ போறியா, இங்கயே நிக்கறியா?"

"நிக்கறேன்."

"நில்லு."

தண்ணீரைத் திறந்தாள். வெளிச்சம் போய், கீழே நெருப்பு அடங்கி, குழம்பு ஆறியது. பாய்லரில் இருந்த வெந்நீரெல்லாம் தீர்கிறவரை அவள் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. அவனும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.